கண்ணில் குறையில்லை என்றால், திரையைச் சோதித்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினித் திரையை நெடுநேரம் பார்ப்பவர்கள் கண்ணைப் பேணுவது குறித்துத் தங்கள் நாளிதழின் மருத்துவப் பக்கத்தில் அவ்வப்போது கட்டுரைகள் வெளிவருகின்றன. இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இருபது அடி தொலைவில் உள்ள ஒரு பொருளை இருபது விநாடி பார்க்க வேண்டும், அடிக்கடி கண்ணைச் சிமிட்ட வேண்டும், திரையைக் கண்மட்டத்துக்குச் சற்றுத் தாழ்வாக வைக்க வேண்டும் என்று அவை கூறும் அறிவுரைகள் பயனுள்ளவை. திரையை உற்றுப் பார்க்கையில் நாம் கண் சிமிட்டுவது வெகுவாகக் குறைந்துபோகிறது என்பதும், அதனால் கண்ணீர்ப் படலம் உலர்ந்து எரிச்சல் உண்டாகிறது என்பதும் மெய்யே. ஆயினும் இந்த அறிவுரைகள் எல்லாம் பார்ப்பவரின் பழக்கத்தைத் திருத்துவதோடு நின்றுவிடுகின்றன. எல்லா விதிகளையும் முறையாகக் கடைப்பிடித்தும், ஒரு குறிப்பிட்ட திரையின் முன் அமர்ந்தால் மட்டும் தலைவலியும் குமட்டலும் கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி எந்தக் கட்டுரையும் பேசியதாக எனக்கு நினைவில்லை. அவர்களில் ஒருவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

சிவகாசியில் ஓர் அச்சகத்தில் டி.டி.பி. பக்க வடிவமைப்பாளராகப் பணிபுரிகிறேன். இத்தொழிலுக்கு வந்த காலத்தில் மேசை முழுவதையும் அடைத்துக்கொண்டிருந்த பழைய குழல் திரைகளில் வேலை செய்தோம். அவை விநாடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பித்தால் திரை துடிப்பது கடைக்கண்ணுக்குத் தெரியும். 75 அல்லது 85 என்று மாற்றிவைத்தால் அடங்கிவிடும். புதிய கணினியை நிறுவ வருபவர் முதலில் செய்யும் வேலையே அதுவாக இருந்தது. பிறகு தட்டையான எல்.சி.டி. திரைகள் வந்தன, அவற்றாலும் எனக்கு எந்தத் தொல்லையும் நேரவில்லை. அவை பழுதாகி, எல்.இ.டி. விளக்கு பொருத்திய புதிய திரைகள் வந்த பின்னரே தொல்லை தொடங்கியது. கண்களுக்குப் பின்னால் யாரோ விரலை வைத்து அழுத்துவது போன்ற கனம், எழுத்து வரிசையில் பார்வையை நிறுத்த முடியாமை, பிற்பகலில் குமட்டல், வீடு திரும்பிய பின்னும் இரவு வரை நீடிக்கும் தலைபாரம் என்று ஒவ்வொன்றாக வந்தன. அதே வகைத் திரையில் பக்கத்து இருக்கையில் வேலை செய்தவருக்கு ஒன்றுமில்லை. கண் மருத்துவர் பார்வைத் திறன், கண் அழுத்தம், விழித்திரை எல்லாவற்றையும் பரிசோதித்து, எல்லாம் சரியாக இருப்பதாகக் கூறிச் சொட்டு மருந்து எழுதிக் கொடுத்தார். அதற்கும் அடங்காதபோது, மனத்தில் ஏதேனும் கவலை இருக்கிறதா என்று வேறொரு மருத்துவர் கேட்டார். சரக்கறையில் கிடந்த பழைய எல்.சி.டி. திரையை எடுத்து மாட்டிக்கொள்ள முதலாளி அனுமதித்த பிறகே உடம்பு தேறியது.

இதற்கான காரணம் புதிய திரைகள் ஒளியைக் குறைக்கும் முறையில் இருக்கிறது. மின்விசிறியின் வேகத்தைக் குறைப்பதுபோல, விளக்குக்குச் செல்லும் மின்சாரத்தைக் குறைத்து ஒளியைத் தணிப்பார்கள் என்றுதான் நாம் நினைத்துக்கொள்கிறோம். பல திரைகளில் அப்படிச் செய்வதில்லை. விளக்கு எரியும்போதெல்லாம் முழு ஒளியுடனேயே எரிகிறது. அதை விநாடிக்கு நூற்றுக்கணக்கான முறை அணைத்து ஏற்றுவதன் மூலம் கண்ணுக்கு ஒளி குறைந்ததுபோல் தோன்றச் செய்கிறார்கள். பொறியாளர்கள் இதைச் சுருக்கமாகப் பி.டபிள்யூ.எம். என்பார்கள். ஒளியளவைப் பாதியாக வைத்தால் பாதி நேரம் விளக்கு அணைந்தே இருக்கிறது. கால் பங்காக வைத்தால் முக்கால் நேரம் அணைந்திருக்கிறது. பழைய எல்.சி.டி. திரைகளிலும் இம்முறை கையாளப்பட்டது உண்டு. ஆனால் அவற்றின் பின்னால் இருந்தவை மெல்லிய குழல்விளக்குகள். மின்சாரம் நின்ற பின்னும் அவற்றின் உட்பூச்சு ஒரு கணம் ஒளிர்ந்துகொண்டிருப்பதால், துடிப்பின் கூர்மை மழுங்கிவிடும். எல்.இ.டி.க்கு அந்த மிச்ச ஒளி இல்லை. மின்சாரம் நின்ற நொடியே அது இருண்டுவிடுகிறது.

இதில் மிகவும் வருத்தம் தருவது ஒன்று உண்டு. கண் கூசுகிறது என்றவுடன் எவரும் முதலில் செய்வது திரையின் ஒளியைக் குறைப்பதுதான். மருத்துவரும் அதைத்தான் சொல்வார். ஆனால் இவ்வகைத் திரையில் ஒளியைக் குறைக்கக் குறைக்க இருட்டு இடைவெளி நீள்கிறது, துடிப்பு வலுக்கிறது. நிவாரணம் தேடிச் செய்யும் செயலே நோயைக் கூட்டுகிறது. வேதனைப்படுகிறவர் மேலும் ஒளியைக் குறைக்கிறார், அறை விளக்கையும் அணைத்துவிட்டு இருட்டில் அமர்ந்து பார்க்கிறார். இருண்ட அறையில் அந்தத் துடிப்பு முன்னிலும் கடுமையாகத் தாக்குகிறது.

விநாடிக்கு இருநூறு முறை நிகழும் துடிப்பைக் கண் காணவே காணாதே, காணாத ஒன்று எப்படித் தலைவலி தரும் என்று கேட்பவர்கள் உண்டு. இக்கேள்விக்கு விடை தேடியவர்கள் கணினித் திரைக்கு முன்பே குழல்விளக்கை ஆராய்ந்திருக்கிறார்கள். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதாவது விநாடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் ஒளி இருமுறை ஏறி இறங்குவதால், பழைய சோக் பொருத்திய குழல்விளக்கு விநாடிக்கு 100 முறை துடிக்கும். பிரிட்டனில் உளவியல் ஆய்வாளர் ஆர்னால்ட் வில்கின்ஸும் அவருடைய குழுவினரும் 1989இல் வெளியிட்ட ஆய்வில், அலுவலக ஊழியர்களுக்குத் தெரியாமலேயே அவர்கள் தலைக்கு மேலிருந்த விளக்குகளின் மின்சுற்றை மாற்றினார்கள். சில வாரங்கள் பழைய சோக். சில வாரங்கள் சுமார் 32,000 ஹெர்ட்ஸில் இயங்கும் மின்னணுச் சோக். எது எப்போது மாட்டப்பட்டது என்பது ஊழியர்களுக்கும் தெரியாது, தலைவலியைக் கணக்கெடுத்தவர்களுக்கும் தெரியாது. மின்னணுச் சோக் இருந்த வாரங்களில் தலைவலியும் கண் சோர்வும் சராசரியில் பாதிக்கும் கீழே குறைந்தன. மனக்கவலையால் வந்த தலைவலியாக இருந்தால், கூரையில் யாரும் அறியாமல் சோக்கை மாற்றியதற்கா அது குறையும்?

மேலும், நம் கண் அசையாமல் நிற்பதே இல்லை. ஒரு வரியைப் படிக்கும்போதுகூட அது சிறுசிறு தாவல்களாகவே நகர்கிறது. தாவும் கணத்தில் துடிக்கும் ஒளி விழித்திரையின் மீது தொடர்ச்சியான கோடாக விழாமல், விட்டுவிட்டுப் புள்ளிகளாக விழுகிறது. விநாடிக்கு ஆயிரம் முறைக்கு மேல் துடிக்கும் ஒளியையும் இந்த வழியில் கண்டுணர முடிகிறது. இதையெல்லாம் கருத்தில் கொண்டுதான், ஐ.இ.இ.இ. என்ற உலகளாவிய பொறியாளர் அமைப்பு 2015இல் எல்.இ.டி. விளக்குகளுக்காக 1789 என்ற எண்ணுள்ள பரிந்துரையை வெளியிட்டது. முழுமையாக அணைந்து எரியும் ஒளியாக இருந்தால் 1,250 ஹெர்ட்ஸுக்கு மேல் துடித்தால்தான் ஆபத்து குறைவு, 3,000 ஹெர்ட்ஸைத் தாண்டினால்தான் விளைவு ஏதுமில்லை என்று கொள்ளலாம் என்பது அதன் கணக்கு. சந்தையில் விற்ற திரைகளில் பல, சுமார் 200 ஹெர்ட்ஸ் அளவில் துடித்தவை. 2017இல் வெளிவந்த ஐபோன் எக்ஸின் ஓ.எல்.இ.டி. திரை (பின்விளக்கு இல்லாமல் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் வகை) 240 ஹெர்ட்ஸில் துடிப்பதாகச் சோதனையாளர்கள் அளந்திருக்கிறார்கள்.

திரையால் வரும் எல்லா உபாதைக்கும் இதுவே காரணம் என்று நான் சொல்லவில்லை. கண்ணாடியின் பவர் மாறியிருக்கலாம். இரு கண்களும் ஒருங்கே குவிவதில் குறை இருக்கலாம். சன்னல் வெளிச்சம் திரையில் பட்டு எதிரொளிக்கலாம். விளக்கு துடிக்காத திரைகளிலும், இல்லாத ஒரு நிறத்தைக் காட்டுவதற்காக அதை ஒட்டிய இரண்டு நிறங்களை மாற்றி மாற்றி மின்னச் செய்யும் உத்தி உண்டு. அதுவும் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. ஆகவே கண் மருத்துவரிடம் போவதைத் தவிர்க்க வேண்டாம். ஆனால் கண்ணில் ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகு நோயாளியின் மனத்தைச் சந்தேகிப்பதற்கு முன்னால், எந்தத் திரையைப் பார்க்கிறீர்கள், எப்போது மாற்றினீர்கள், அதன் ஒளியை எந்த அளவில் வைத்திருக்கிறீர்கள் என்ற மூன்று கேள்விகளை மருத்துவர்கள் கேட்க வேண்டும் என்று பணிவுடன் வேண்டுகிறேன்.

இது ஏதோ சிலருக்கு மட்டுமான அபூர்வ நோய் என்றும் எண்ண வேண்டாம். ஒற்றைத் தலைவலி உள்ளவர்கள் வலி இல்லாத நாட்களிலும் ஒளிக்கும் துடிப்புக்கும் மற்றவர்களைவிட எளிதில் பாதிக்கப்படுகிறார்கள். அண்டை மாநிலமான கர்நாடகத்தில் நடத்தப்பட்டு 2015இல் வெளியான கணக்கெடுப்பில், ஓராண்டுக் காலத்தில் ஒற்றைத் தலைவலிக்கு ஆளானவர்கள் நான்கில் ஒருவர் என்று தெரியவந்தது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அது மிகுதி. இவர்களுடன், தலையில் அடிபட்டு மீண்டவர்களும் உட்காதின் சமநிலைக் கோளாறு உள்ளவர்களும் சேர்ந்தால் எத்தனை பேர் ஆவார்கள்! அவர்களில் பலர் இன்று கால் சென்டரிலும் வங்கியிலும் இ-சேவை மையத்திலும் திரை முன்னால் அமர்ந்து, தலைவலி மாத்திரையைப் பையில் வைத்துக்கொண்டு வேலை பார்க்கிறார்கள்.

இவர்களுக்குக் கண்ணாடிக் கடைகளில் கிடைக்கும் ஒரே தீர்வு ப்ளூ கட் கண்ணாடி. சாதாரணக் கண்ணாடியின் விலைக்கு மேல் கூடுதலாகப் பணம் வாங்கிக்கொண்டு, கணினி பார்ப்பவர்கள் எல்லோருக்கும் அதைப் பரிந்துரைக்கிறார்கள். நீல ஒளியை வடிகட்டும் கண்ணாடிகள் குறித்த 17 ஆய்வுகளைத் தொகுத்து ஆராய்ந்து, மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2023இல் வெளியிட்ட மதிப்பாய்வு, குறுகிய காலப் பயன்பாட்டில் அவை கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்றே கூறுகிறது. துடிக்கும் ஒளியில் நீலத்தைக் கழித்தாலும் அது துடிக்கத்தான் செய்யும். கைக்காசைச் செலவழித்துவிட்டு, அதே வலியுடன் திரும்பி வரும் மாத ஊதியக்காரர்களை நினைத்தால் எனக்கு மனம் பொறுக்கவில்லை.

தயாரிப்பாளர்களுக்கு இது தெரியாத செய்தியன்று. சீன நிறுவனங்கள் 1,920 என்றும் 3,840 என்றும் தம் கைப்பேசித் திரைகளின் துடிப்பு எண்ணை விளம்பரத்திலேயே பெரிதாகப் போடுகின்றன. 2025இல் வந்த ஐபோன் 17 வரிசையில், துடிப்பு முறையைத் தவிர்த்து ஒளியைக் குறைப்பதற்கான தெரிவு அமைப்புகளுக்குள் சேர்க்கப்பட்டிருக்கிறது. தொல்லை இல்லாத இடத்தில் இத்தனை பொருள் செலவழித்து யாரும் மாற்றம் செய்ய மாட்டார்கள். ஆனால் இந்த அக்கறை விலை உயர்ந்த கைப்பேசிகளோடு பெரும்பாலும் நின்றுவிடுகிறது. அலுவலகங்களுக்கும் பள்ளிகளுக்கும் மொத்தமாக வாங்கப்படும் மலிவான திரைகளின் பெட்டியில் அங்குலம் இருக்கும், நிறங்களின் எண்ணிக்கை இருக்கும், மின் செலவு இருக்கும். எத்தனை ஹெர்ட்ஸில் துடிக்கிறது என்பது இருக்காது. சிலவற்றில் ஃப்ளிக்கர் ஃப்ரீ (துடிப்பற்றது) என்று அச்சிட்டிருந்தாலும், எந்த அளவுகோலின்படி என்று கேட்டால் கடைக்காரரால் பதில் சொல்ல முடிவதில்லை.

நம் நாட்டில் மடிக்கணினியும் டேப்லெட்டும் இந்தியத் தரநிர்ணய அமைவனத்தின் கட்டாயப் பதிவைப் பெறாமல் விற்பனைக்கு வர முடியாது. மின் அதிர்ச்சி, தீப்பிடித்தல் போன்ற ஆபத்துகளிலிருந்து வாங்குவோரைக் காப்பதற்காக ஏற்பட்ட அந்தப் பதிவுடன், ஒளியின் துடிப்பு எண்ணையும், ஒவ்வொரு துடிப்பிலும் ஒளி எந்த அளவு குறைகிறது என்ற துடிப்பின் ஆழத்தையும் பெட்டியின் மேல் அச்சிட வேண்டும் என்ற விதியைச் சேர்ப்பது பெரிய காரியமன்று. குளிர்சாதனப் பெட்டிக்கு எத்தனை நட்சத்திரம் என்று பார்த்து வாங்கப் பழகிய மக்கள், இதையும் பார்த்து வாங்கப் பழகிக்கொள்வார்கள்.

தமிழ்நாடு அரசு நினைத்தால் அதற்கும் முன்னதாகவே செய்ய முடியும். இரண்டாண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ டேப்லெட்டோ வழங்கப்படும் என்று 2025 மார்ச் மாதத்து நிதிநிலை அறிக்கையில் அறிவிக்கப்பட்டது. 2011 முதல் பல ஆண்டுகள் பள்ளி மாணவர்களுக்கும் மடிக்கணினிகள் தரப்பட்டன. இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் வாங்குகிறவர் விதிக்கும் நிபந்தனையை எந்த நிறுவனமும் தட்டாது. செயலி எது, நினைவகம் எவ்வளவு என்றெல்லாம் வரையறுக்கும் ஒப்பந்தப்புள்ளியில், எந்த ஒளியளவிலும் 1,250 ஹெர்ட்ஸுக்குக் கீழே துடிக்காத திரை வேண்டும் என்ற ஒரு வரியை இனிமேலாவது சேர்க்க வேண்டும். வீட்டில் வேறு கணினி இல்லாத பிள்ளைக்கு அந்தத் திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால், அது எதை வைத்துப் படிக்கும்? படிக்க உட்கார்ந்தாலே தலை வலிக்கிறது என்று சொல்லும் பிள்ளையை, படிப்பில் நாட்டமில்லாத பிள்ளை என்று வீடும் கல்லூரியும் முடிவு கட்டிவிடக்கூடும் என்பதே என் அச்சம்.

அலுவலகங்களுக்கு வருகிறேன். ஐரோப்பிய நாடுகளில் திரை முன் வேலை செய்வோருக்கான நெறிமுறை 1990ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டது. திரையில் தோன்றும் படம் துடிப்போ நடுக்கமோ இன்றி நிலையாக இருக்க வேண்டும், ஒளியை ஊழியர் தாமே எளிதாக மாற்றிக்கொள்ள முடிய வேண்டும், வேலைக்கு இடையில் ஓய்வோ மாற்று வேலையோ தரப்பட வேண்டும், கண் பரிசோதனை செய்துகொள்ள ஊழியருக்கு உரிமை உண்டு என்று அது விதிக்கிறது. இங்கே ஒருவர் தமக்குத் திரை ஒத்துக்கொள்ளவில்லை என்று சொன்னால், வேலையைத் தட்டிக்கழிக்கப் பார்க்கிறார் என்ற பெயர்தான் கிடைக்கிறது. எனக்கு வாய்த்த முதலாளி நல்லவர். எல்லோருக்கும் அப்படி வாய்ப்பதில்லை. வேறு திரை கேட்பதற்கு அஞ்சி வேலையையே விட்டுவிட்ட ஒருவரை நான் அறிவேன்.

தேர்வு எழுதுவோரின் நிலை இன்னும் கடினமானது. வங்கித் தேர்வுகள், ரயில்வே தேர்வுகள், மூன்று மணி நேரம் நடைபெறும் ஜே.இ.இ. முதன்மைத் தேர்வு என வாழ்க்கையைத் தீர்மானிக்கும் பல தேர்வுகள் இன்று கணினியில்தான் நடக்கின்றன. முன்பின் பார்த்திராத ஒரு மையத்தில், யாரோ நிர்ணயித்த ஒளியளவில் இருக்கும் திரையின் முன் மாணவர் அமர வேண்டும். அரசு வரையறுத்த அளவுக்கு மாற்றுத்திறன் கொண்டவர்களுக்கு ஒரு மணிக்கு 20 நிமிடம் கூடுதலாகத் தரப்படுகிறது. துடிக்கும் ஒளியால் அவதிப்படுபவருக்கு அந்தக் கூடுதல் நேரமும் கூடுதல் துன்பமாகவே முடியும். திரையின் ஒளியைத் தேர்வர் தாமே கூட்டவும் குறைக்கவும் அனுமதிப்பதும், மருத்துவச் சான்று கொண்டுவருபவருக்கு அச்சிட்ட வினாத்தாளைத் தருவதும் நடைமுறைக்கு ஒத்த ஏற்பாடுகளே. கண் சிமிட்டிக் காட்ட இயலாத காரணத்தால் மின்னணு அடையாளச் சரிபார்ப்பில் புறக்கணிக்கப்பட்ட அமில வீச்சுக்கு ஆளானவர்கள் தொடுத்த வழக்கில், எண்ணிம வசதிகளை அணுகுவது வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. உடலமைப்பின் காரணமாக ஒருவரை எண்ணிம வசதிகளுக்கு வெளியே நிறுத்தலாகாது என்ற அந்தக் கருத்து, திரையையே பார்க்க இயலாதவருக்கும் பொருந்தும் என்று நம்புகிறேன்.

சட்டமும் விதியும் வரும்வரை, இதைப் படிக்கும் வாசகர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. அறையை இருட்டாக்கி, வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திரையில் திறந்து, ஒளியை மிகக் குறைத்து, அதன் முன்னால் ஒரு பென்சிலை வேகமாக இடமும் வலமும் ஆட்டுங்கள். பென்சில் ஒரே மங்கலான பட்டையாகத் தெரிந்தால் நல்லது. விசிறி மடிப்புகள்போலத் தனித்தனிப் பென்சில்களாகத் தெரிந்தால் திரை துடிக்கிறது என்று பொருள். அப்படியானால், கணினித் திரையின் ஒளியை முழு அளவுக்கு உயர்த்திவிட்டு, அறையின் வெளிச்சத்தையும் அதற்கு ஈடாகக் கூட்டிவையுங்கள். முழு ஒளியில் பெரும்பாலான எல்.இ.டி. கணினித் திரைகள் துடிப்பதில்லை. அப்போதும் கூச்சமாக இருந்தால், காட்சியின் நிறத்தை மங்கலாக்கும் மென்பொருளைக் கொண்டு குறைத்துக்கொள்ளலாம். ஒளியைக் குறைக்கும் திரையின் பொத்தானைத் தொட வேண்டாம். புதுத் திரை வாங்கும் முன் கடையிலேயே இச்சோதனையைச் செய்து பார்க்கக் கேளுங்கள். ஓ.எல்.இ.டி. கைப்பேசிகளுக்கு இந்த வழி முழுமையாகப் பயன்படாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். அவற்றில் பல முழு ஒளியிலும் ஓரளவு துடிக்கின்றன.

திரையின் விளக்கு ஒருபுறம் இருக்க, திரையில் ஓடுவனவும் மின்னுவனவும் தரும் துன்பம் மற்றொருபுறம். 1997 டிசம்பர் 16 அன்று ஜப்பானில் ஒளிபரப்பான போக்கிமான் கார்ட்டூன் தொடரில், சிவப்பும் நீலமும் விநாடிக்குப் பன்னிரண்டு முறை மாறி மாறி மின்னிய ஒரு காட்சியைப் பார்த்த குழந்தைகள் உட்பட சுமார் 685 பேர் மருத்துவமனைகளுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். இன்று இணையதளங்களுக்கான உலக நெறிமுறை, எதுவும் ஒரு விநாடியில் மூன்று முறைக்கு மேல் மின்னக் கூடாது என்றும், தானாக ஓடத் தொடங்கி ஐந்து விநாடிக்கு மேல் நீளும் எதையும் நிறுத்துவதற்கு வழி இருக்க வேண்டும் என்றும் கூறுகிறது. இந்திய அரசும் தன் இணையதளங்களுக்கான வழிகாட்டு நெறிகளில் அந்த நெறிமுறையைப் பின்பற்றச் சொல்கிறது. இருந்தும் அரசுத் துறைகளின் பக்கங்களில் அறிவிப்புகள் கீழிருந்து மேலாக ஓடிக்கொண்டும், ஒவ்வொரு வரியின் அருகிலும் புதியது என்ற சிவப்பு முத்திரை மின்னிக்கொண்டும் இருப்பதைக் காண்கிறோம். சமநிலைக் கோளாறு உள்ள ஒருவர் அப்பக்கத்தில் தமக்கு வேண்டிய விண்ணப்பத்தைத் தேடி எடுப்பதற்குள் அவருக்குத் தலை சுற்றத் தொடங்கிவிடுகிறது.

இது தொடர்பாகத் தங்களிடமும் ஒரு விண்ணப்பம். தங்கள் நாளிதழின் இணையப் பதிப்பில், முக்கியச் செய்திகள் வலமிருந்து இடமாக இடைவிடாமல் ஓடுகின்றன. கட்டுரைகளின் இருபுறமும் விளம்பரங்கள் மின்னுகின்றன. அச்சிட்ட நாளிதழ் கிடைக்காத ஊர்களில் இருக்கும் வாசகர்களுக்கு இணையப் பதிப்பே கதி. அந்த ஓட்டத்தை நிறுத்துவதற்கு ஒரு பொத்தானும், மின்னும் விளம்பரங்களை ஏற்பதில்லை என்ற ஒரு முடிவும் தங்களால் உடனே செய்யக்கூடியவை என்று கருதுகிறேன். ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
டி.டி.பி. பக்க வடிவமைப்பாளர் ஒருவர்,
சிவகாசி.